நீரும் போரும் – 12: குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்கள்

பாலிங் பட்டணத்துக்கு வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சுண்ணாம்புக்கல்லால் ஆன குனோங் பாலிங் மலைதான். இந்த வட்டாரத்து ஓடைகளையெல்லாம் வாரிக்கொண்டு கெட்டில் ஆறு கூப்பாங் பக்கமாக இறங்குகிறது. ரப்பர்த் தோட்டங்களின் ஓரமாக வளைந்து போய்க் கோலக்கெட்டிலில் மூடா ஆற்றோடு கலக்கிறது. பத்து பெக்காக்கா, படேனோக் போன்ற தோட்டங்களில் பால் வெட்டிய நம் முன்னோருக்குக் குளிக்கவும், துவைக்கவும், பால் கொட்டகைக்கு இறைக்கவும் இந்த ஆறுகளும் இவற்றின் கிளையோடைகளும்தான் தண்ணீர் தந்தன. கடைசியில் மூடா ஆறு கெடாவுக்கும் பினாங்கின் செபராங் பிறைக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடிக் கடலைச் சேர்கிறது.

சென்ற அத்தியாயத்தில், 1821 நவம்பரில் கோலக்கெடா கழிமுகத்துக்கு வந்து நின்ற சயாமியக் கப்பல்களைப் பார்த்தோம். அதற்கும் முன்பு, 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்துக்கு வந்த கடல்வழியைப் பார்த்தோம். அந்தப் போர்களில் தண்ணீர் படை வரும் பாதையாக இருந்தது. இந்த அத்தியாயத்தில் அதுவே ஆயுதமாகிறது. 1941 டிசம்பருக்கும் 1955 டிசம்பருக்கும் இடைப்பட்ட 14 ஆண்டுகளில் இந்த மண்ணில் தண்ணீரை வெட்டியவர்கள் யார், தாகத்தில் தவித்தவர்கள் யார், வெட்டிய இடத்தைச் சரிசெய்யப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இம்முறை கதை.

மதிலாக நில்லாத ஆறு

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும், தாய்லாந்துக் கரையில் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கியது. பட்டாணியிலிருந்து பெத்தோங் வழியாக ஒரு மலைச்சாலை குரோவுக்கு வருகிறது. இன்று பெங்காலான் ஹுலு என்று வழங்கும் ஊர்தான் அன்றைய குரோ. அங்கே சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று தெற்கே கிரிக்குக்குப் போகும். மற்றொன்று மேற்கே பாலிங், கூப்பாங், கோலக்கெட்டில் என்று இறங்கிச் சுங்கைப்பட்டாணியில் பெரிய சாலையைத் தொடும். அந்தப் பெரிய சாலைதான் வடக்கே ஜித்ராவில் நின்றிருந்த பிரிட்டிஷ் படையின் 11ஆவது இந்திய டிவிஷனுக்கு உயிர்நாடி. பாலிங் சாலை வழியாக எதிரி இறங்கிவிட்டால் ஜித்ரா படையின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான்.

இதைத் தடுக்கக் குரோவிலிருந்து ஒரு படை தாய்லாந்துக்குள் புகுந்தது. ‘லெட்ஜ்’ எனப்பட்ட மலைவிளிம்புச் சாலையை முதலில் பிடித்துத் தகர்த்துவிட வேண்டும் என்பது திட்டம். அவர்களுக்கு முன்பே ஜப்பானியர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படை குரோவுக்குத் திரும்பியது, பிறகு பாலிங் சாலைக்குப் பின்வாங்கியது. அந்த நாள்களில் எங்கள் வட்டாரமே முழுப் போரின் பலவீனமான விலாப்புறமாக இருந்தது.

ஜித்ராவில் மழை இடைவிடாமல் கொட்டியது. பதுங்குகுழிகளில் தண்ணீர் தேங்கியது. டிசம்பர் 11 முதல் 13 வரை நடந்த சண்டையில் தற்காப்பு உடைந்தது. அலோர்ஸ்டார் பாலத்தைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கிய படை, குரூணிலும் தோற்று, டிசம்பர் 16க்குள் மூடா ஆற்றுக்குத் தெற்கே போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தால் மூச்சு விடலாம் என்பது தளபதிகளின் கணக்கு. ஆறு ஒரு மதில், பாலத்தை உடைத்தால் மதிலுக்குக் கதவில்லை என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை எங்கும் பலிக்கவில்லை. மூடா, கிரியான், பேராக் என்று வரிசையாக ஆறுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பாலங்கள் உடைக்கப்பட்டன. ஜப்பானியப் பொறியாளர் படை மரங்களை வெட்டி, தோளில் தாங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று அவற்றைத் திரும்பக் கட்டியது. தீபகற்பம் முழுவதும் சுமார் 250 பாலங்களைச் சீர்செய்ததாக அவர்களுடைய கணக்கு சொல்கிறது. படைக்குப் பாலம் இரண்டு நாளில் கிடைத்தது. ஆற்றங்கரை மக்களுக்கோ பாலம் போனால் சந்தையும் போனது, அரிசி லாரியும் நின்றது. தோட்டங்களில் துரைமார்கள் ஓடிவிட்டார்கள். லயங்களில் இருந்த சனம் மட்டும் போக வழியில்லாமல் இருந்த இடத்தில் இருந்தது.

தீவின் தாகம்

போர் தெற்கே போனதும் தண்ணீரின் வேலை மாறியது. சிங்கப்பூர் தீவு பாதித் தாகத்தை ஜொகூரிலிருந்து வந்த குழாயால் தணித்துக்கொண்டிருந்தது. குனோங் பூலாய் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் ஜொகூர் பாலத்தை ஒட்டிக் கடலைத் தாண்டித் தீவுக்கு வந்தது. 1942 ஜனவரி 31ஆம் நாள் கடைசிப் படைப்பிரிவுகள் தீவுக்குள் வந்து சேர்ந்ததும், எதிரி தொடர்ந்து வராதிருக்க ஆங்கிலேயர் அந்தப் பாலத்தைத் தகர்த்தார்கள். பாலத்தோடு குழாயும் போனது. தங்கள் கையாலேயே தங்கள் தண்ணீரை வெட்டிக்கொண்ட நிகழ்ச்சி அது.

தீவின் நடுவே மக்ரிட்சி, பியர்ஸ், செலித்தார் நீர்த்தேக்கங்கள் இருந்தன. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக எதிரியின் கைக்குள் போயின. நகரத்துக்குள் குண்டு விழுந்த இடமெல்லாம் தெருவுக்கடியில் ஓடிய குழாய்கள் வெடித்தன. நீர்த்தேக்கத்திலிருந்து வந்த தண்ணீரில் பெரும்பகுதி வீடுகளுக்குப் போகாமல் சாக்கடையில் ஓடியது. மாநகராட்சியின் தண்ணீர்ப் பிரிவினர் குண்டுமழைக்கு நடுவே குழிதோண்டிக் குழாய்களை அடைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் ஒன்றை அடைப்பதற்குள் நாலு இடத்தில் வெடித்தது. வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளும் சேர்ந்து ஊர் நிரம்பி வழிந்த நேரம் அது. பிப்ரவரி 15 காலை நடந்த தளபதிகள் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுக்குத் தண்ணீர் தீரப்போகும் செய்தியும் ஒரு பெரிய காரணம். அன்று மாலை பிரிட்டிஷ் படைத் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார்.

திருக்குறளின் அரண் அதிகாரத்தில், ஒரு கோட்டைக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது வள்ளுவர் முதலில் வைப்பது தெளிந்த நீரை. நிலம், மலை, காடு எல்லாம் அதற்குப் பிறகுதான். சிங்கப்பூரைக் கிழக்கின் அசைக்க முடியாத கோட்டை என்று உலகுக்குச் சொன்னவர்கள் கடலை நோக்கிப் பீரங்கி நிறுத்தினார்கள். குழாயைக் காக்க ஏற்பாடு செய்யவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் நம்மவர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று இன்னும் சொல்லும் மூன்றரை ஆண்டு. கெடா உட்பட மலாயாவின் பல தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 மழைக்காலத்தில் அந்த முகாம்களைக் காலரா சூறையாடியது. குடிக்கும் ஓடையும் கழிவு கலக்கும் ஓடையும் அங்கே ஒன்றாக இருந்தன. போர்க்கைதிகளின் முகாம்களில் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கக் கட்டாயப்படுத்தினார்கள். தோட்டத் தமிழர்களின் முகாம்கள் பெரும்பாலானவற்றில் மருத்துவரும் இல்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை. யாரும் குறிவைத்து எறியாத ஆயுதமாக அங்கே தண்ணீர் கொன்றது. ஒரு தலைமுறையின் ஆண்பிள்ளைகள் அப்படிப் போனார்கள்.

வெட்டப்பட்ட குழாயும் குறைக்கப்பட்ட அரிசியும்

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் படை காட்டுக்குள் போனது. இந்தப் போரில் தண்ணீரின் நிலை விசித்திரமானது. காட்டுக்குள் இருப்பவனுக்கு அரசால் தண்ணீரை நிறுத்த முடியாது. மழைக்காட்டில் எங்கே குனிந்தாலும் ஓடை. ஆனால் பட்டணத்துக்குத் தண்ணீர் ஒற்றைக் குழாயில் காட்டோரமாக வருகிறது. காட்டிலிருந்து இறங்கி அதை வெட்ட இரண்டு ஆள் போதும். தண்ணீர் காட்டின் பக்கம் இருந்தது. அரசின் கையில் இருந்தது அரிசி.

1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் இந்த அரிசிக் கணக்கின் மேல் கட்டப்பட்டது. காட்டோரத்தில் பயிர்வைத்து வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தோட்ட லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்கள் வேலிவாசலில் சோதனைக்கு நின்றார்கள். உணவுத்தடை இறுக்கமாக இருந்த பகுதிகளில் மதியச் சோற்றைக் கையில் கொண்டுபோகவும் தடை இருந்தது. அந்தச் சோறு காட்டுக்குள் இருப்பவனுக்குப் போய்விடுமோ என்ற சந்தேகம்தான் காரணம். விடிகாலையில் போனவர்கள் வேலை முடிந்து திரும்பும்வரை வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடந்தார்கள்.

இந்தப் போரின் இரண்டு ஆயுதங்களும் ஒரே ஊரில் மோதிக்கொண்ட இடம் தஞ்சோங் மாலிம். கோலாலம்பூருக்கு வடக்கே, பேராக்–சிலாங்கூர் எல்லையில் இருக்கும் பட்டணம். அதன் குடிநீர்க் குழாயைக் கம்யூனிஸ்ட் படையினர் வெட்டினார்கள். அது முதல் முறையும் அல்ல. 1952 மார்ச் 25ஆம் நாள் அதைச் சரிசெய்ய ஒரு குழு புறப்பட்டது. உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் கோட்னர், பொதுப்பணித் துறைக்காரர்கள், கூடவே காவலர்கள். குழாயை வெட்டினால் பழுதுபார்க்க யாராவது வந்துதான் ஆகவேண்டும், அவர்கள் எந்த வழியாக வருவார்கள் என்பதும் வெட்டியவர்களுக்குத் தெரியும். அவர்கள் பதுங்கிக் காத்திருந்தார்கள். கோட்னர் உட்பட 12 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து, உடற்பயிற்சி மரக்குதிரையை மறைப்பாக வைத்துச் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் ஒருவர் இந்தக் கோட்னர். அந்தச் சுரங்கத்திலிருந்து மீண்டவரின் உயிர் ஒரு தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் போனது.

இரண்டு நாளில் புதிய ஹைகமிஷனர் ஜெரால்ட் டெம்ப்ளர் தஞ்சோங் மாலிமுக்கு வந்தார். ஊருக்குத் தெரிந்தே நடந்தது, ஊர் வாய் திறக்கவில்லை என்று கடிந்துகொண்டார். நாளுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்தார். மீதி இரண்டு மணிநேரத்தில்தான் கடைக்குப் போகலாம். அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் கொடுத்துத் தெரிந்ததை எழுதச் சொன்னார்கள். எழுதிய தாள்களை முத்திரையிட்ட பெட்டிகளில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், ஊர்ப் பிரதிநிதிகளின் கண்முன்னே டெம்ப்ளரே திறந்தார். சுமார் இரண்டு வாரம் அந்த ஊரடங்கு நீடித்தது. ஊரையே சேர்த்துத் தண்டிப்பது நியாயமா என்று பிரிட்டனிலும் குரல்கள் எழுந்தன.

அந்தப் பட்டணத்துப் பெண்ணின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். முதலில் குழாயில் தண்ணீர் நின்றது. அதை நிறுத்தியவர்கள் மக்களுக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள். பிறகு அரிசி குறைந்தது. அதைக் குறைத்தவர்கள் மக்களைக் காப்பதாகச் சொன்னவர்கள். காட்டில் இருந்தவனுக்கு ஓடை இருந்தது. அரசாங்கத்துக்குக் களஞ்சியம் இருந்தது. குடமும் காலி, பானையும் காலி என்று நின்றவள் துப்பாக்கி தூக்காதவள். போரில் தண்ணீரை வெட்டுகிறவன் எந்தக் கொடியின்கீழ் வெட்டினாலும் முதல் அடி அவள்மேல்தான் விழுகிறது.

பாலிங் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள்

1955 ஜூலைத் தேர்தலில் 52 இடங்களில் 51ஐ வென்று முதலமைச்சரான துங்கு அப்துல் ரஹ்மான் காட்டில் இருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். ஆண்டுக் கடைசியில் பேச்சுவார்த்தைக்கு இடமாகப் பாலிங் தேர்ந்தெடுக்கப்பட்டது. தாய்லாந்து எல்லைக்கு அருகில், காட்டிலிருந்து இறங்கி வர வசதியான ஊர் இது. 1941இல் எதிரி வந்துவிடுவான் என்று எந்தச் சாலையைப் பார்த்து அஞ்சினார்களோ, அதே மலைப்பக்கத்திலிருந்துதான் டிசம்பர் 28ஆம் நாள் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங் வந்தார். கிளியான் இந்தானுக்கு அருகே காட்டிலிருந்து வெளியே வந்த அவரை எதிர்கொண்டு அழைத்தவர் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ். ஜப்பானியரை எதிர்த்து இருவரும் ஒன்றாகக் காட்டில் இருந்தவர்கள்.

பாலிங் அரசாங்க ஆங்கிலப் பள்ளியின் ஓர் அறையில் மேசை போடப்பட்டது. ஒரு பக்கம் துங்கு, சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் தான் செங் லோக். மறுபக்கம் சின் பெங், சென் தியென், ரசீட் மைடின். இரண்டு நாள் பேசினார்கள். கட்சியை அங்கீகரிக்க வேண்டும் என்றார் சின் பெங். கட்சியைக் கலைத்துவிட்டு வெளியே வாருங்கள் என்றார் துங்கு. உள்நாட்டுப் பாதுகாப்பும் ராணுவமும் துங்குவின் அரசாங்கத்தின் கைக்கு வந்தால் சண்டையை நிறுத்துவோம் என்று சின் பெங் சொன்னார். அடுத்த மாதமே லண்டனுக்குப் போன துங்குவுக்கு அந்தச் சொல் பலம் சேர்த்தது. பேச்சுவார்த்தை முறிந்து சின் பெங் காட்டுக்குத் திரும்பினார். அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. சமாதான ஒப்பந்தம் 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாயில்தான் கையெழுத்தானது.

தோற்றுப்போன பேச்சுவார்த்தை என்றே வரலாறு இதை எழுதுகிறது. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஏழு ஆண்டுகள் குழாயும் பாலமும் சோற்றுப் பொட்டலமும் போர்க்களமாக இருந்த பிறகு, இரு தரப்பும் துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தது இந்தப் பட்டணத்தில். உடனே பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் அங்கே சொன்ன ஒரு சொல் சுதந்திரத்தைக் கிட்டக் கொண்டுவந்தது. வெட்டப்பட்ட எந்தக் குழாயும் அப்படி ஒன்றைக் கொண்டுவரவில்லை.

மாவிலாற்று மதகு

தஞ்சோங் மாலிமில் நடந்தது 54 ஆண்டுக்குப் பிறகு நம் இனத்தவர் மண்ணில் இன்னும் பெரிதாக நடந்தது. 2006 ஜூலை இறுதியில் திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினார்கள். அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் நின்றது. தங்கள் பகுதி மக்களுக்கும் குடிநீர் வேண்டும் என்பது மூடியவர்கள் சொன்ன காரணம். இலங்கை விமானப்படை குண்டு போட்டது. பேச்சின் பலனாக மதகைத் திறக்கச் சம்மதம் கிடைத்தது. ஆகஸ்ட் 6ஆம் நாள் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன் அங்கே போனார். மதகை நெருங்கும்போது ராணுவத்தின் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. அவர் திரும்ப வேண்டியதாயிற்று.

அதே நாள்களில் மூதூரில், பசிக்கு எதிரான செயற்பாடு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீரும் சுகாதார வசதியும் செய்துகொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. மாவிலாற்றில் தொடங்கிய சண்டைதான் 2009 மே வரை போய் முள்ளிவாய்க்காலில் முடிந்தது.

போரில் இப்படிச் செய்யக்கூடாது என்று உலகம் எழுதியும் வைத்திருக்கிறது. 1977இல் ஜெனிவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 54ஆவது பிரிவு, மக்கள் உயிர்வாழ இன்றியமையாத குடிநீர் அமைப்புகளையும் பாசன வேலைகளையும் தாக்குவதைத் தடைசெய்கிறது. 61ஆவது பிரிவு, இன்றியமையாத பொதுச்சேவைகளை அவசரமாகப் பழுதுபார்ப்பவர்களைப் பாதுகாப்புக்குரியவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிங்கப்பூர் தெருவில் குழி தோண்டியவர்களுக்கும் தஞ்சோங் மாலிம் குழாயடிக்குப் போனவர்களுக்கும் இந்தச் சட்டம் வருமுன்பே காலம் முடிந்துவிட்டது. மூதூர்ப் பிள்ளைகள் சட்டம் வந்து 29 ஆண்டுக்குப் பிறகு செத்தார்கள்.

மூடா ஆறு இன்று

மறுபடியும் நம் ஆற்றங்கரைக்கு வருவோம். பினாங்கு தன் குடிநீருக்கு எடுக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து போகிறது. ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். மலேசிய அரசமைப்பில் தண்ணீர் மாநிலத்தின் உரிமை. காட்டை வெட்டாமல் காத்துத் தண்ணீர் தருகிறோம், ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடுங்கள் என்று கெடா அரசு கேட்கிறது. ஆறு எல்லையாக ஓடுகிறது, எங்கள் கரையில் ஓடும் தண்ணீரை எடுக்கக் காசு எதற்கு என்று பினாங்கு மறுக்கிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மேலே காட்டைக் காப்பதற்குச் செலவு உண்டு. கீழே தாகத்துக்கும் உரிமை உண்டு.

இது போர் அல்ல. ஆனால் இந்தத் தொடரில் நாம் பார்த்த ஒவ்வொரு தண்ணீர்ப்போரும் ‘நிறுத்திவிடுவோம்’ என்ற ஒரு சொல்லில்தான் தொடங்கியது. அந்தச் சொல்லை ஓட்டு மேடையில் விளையாட்டாகக்கூடப் பேச நமக்கு உரிமை இல்லை. காடு போனால் தண்ணீர் யாருடைய பக்கமும் இருக்காது என்பதைக் கூப்பாங் மக்கள் 2022 ஜூலை 4ஆம் நாள் கண்டார்கள். இனாஸ் மலையிலிருந்து மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்த வெள்ளத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அந்தச் சேற்றை அள்ளி, வீடுகளைக் கழுவி, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கெடாக்காரன், பினாங்குக்காரன் என்ற கணக்கு தோன்றியிருக்காது.

பாலிங் பேச்சுவார்த்தை நடந்த பள்ளி இன்றும் இருக்கிறது. அந்த மேசையைப் பார்க்க மாணவர்களைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் துங்கு, சின் பெங் பெயர்களோடு தஞ்சோங் மாலிமில் இறந்த பொதுப்பணித் துறைக்காரர்களையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை. தலைவர்கள் மேசைக்கு வந்து சேரும்வரை ஊருக்குத் தண்ணீர் கொடுக்க நடந்து போனவர்கள் அவர்கள்தான்.

1942இல் ஜொகூர் பாலத்தோடு உடைந்த குழாய், 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது வேறொரு வகையில் பேச்சுக்கு வந்தது. 1961, 1962ஆம் ஆண்டுத் தண்ணீர் ஒப்பந்தங்கள் என்ன சொல்லின, இரண்டு நாடுகள் ஒரு குழாயை வெட்டாமல் எப்படிக் காத்துவந்தன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.